முன்னால் இரண்டு கோடு

நாலாவது முறையும் புரோகிராம் கம்பைல் ஆகவில்லை.

சோபாவில் திருவேங்கடம் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தான். என் சித்தப்பா மகன். எங்கள் செம்பூர் அடுக்குமாடி சொசைட்டிக்குச் செயலாளர்.

மொட்டை மாடி உத்தரங்கள் புதுத் தண்ணீர்த் தொட்டியைத் தாங்குமா என்று நானே கணக்குப் போட்டுச் சொல்வதாகக் கூட்டத்தில் வாக்குக் கொடுத்திருந்தேன். முப்பத்தாறு வருடம் கட்டடப் பொறியாளராக இருந்தவன். வெளியாளுக்கு இங்கே என்ன வேலை?

சி மொழியில் நான் எழுதியது அளவுகளை வாங்கும், கணித மென்பொருளை அழைத்துக் கொடுக்கும், விடையைக் கொண்டுவரும். கொண்டுவர வேண்டும்.

பிழை என் கோப்பில் இல்லை, அந்த மென்பொருளின் கோப்பில் என்றது திரை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"என்ன அண்ணாச்சி, பொட்டியும் உங்கள மாதிரியே முறுக்கிக்கிட்டு நிக்குதே?"

இங்கே சறுக்கினால் இரவுக்குள் வடாலா வரை சொந்தக்காரர் வீடெல்லாம் சிரிக்கும்.

சமையலறையில் மருமகள் இருந்தாள். நெருளில் ஓர் அலுவலகத்தில் இதே மென்பொருளோடுதான் அவளுக்கு வேலை.

கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க மறுத்தவன் நான். ஒரு வருடமாக அவளிடம் எது சொல்வதானாலும் என் மனைவி ஆவுடையம்மாள் வழியாகத்தான். மனைவியோ பூ வாங்க மாட்டுங்காவுக்குப் போயிருந்தாள்.

காலித் தம்ளரை எடுக்க வந்த மருமகள் திரையைப் பார்த்தாள். குனிந்து, கோப்பின் முதல் வரிக்குப் போனாள்.

அங்கே 'உ' இருந்தது. எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கும் கை என்னுடையது. சுழிக்கு முன்னால் எதுவும் வரக் கூடாது.

அழிக்கப்போகிறாள் என்று விறைத்தேன்.

"இதையும் அடுத்து வர்ற அந்தக் கோப்போட சேத்து வாசிக்கறதாலதான் பிழை அங்க காட்டுது. முன்னால ரெண்டு கோடு போட்டா, கம்பைலர் இத வாசிக்காம தாண்டிப் போயிரும் மாமா."

இரண்டு சாய்கோடு. அவ்வளவுதான். சுழி அப்படியே இருந்தது.

ஓடியது. மென்பொருள் எழுந்தது, கணக்கைப் போட்டது. உத்தரங்கள் தாங்கும்.

திருவேங்கடத்துக்கு முகம் கொஞ்சம் வாடியது. புரோகிராமையும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னான். கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுக் கோப்பில் வைக்க வேண்டுமாம்.

எடுப்பதற்கு முன், சுழிக்குக் கீழே, அதே இரண்டு கோட்டுக்குப் பின்னால் 'எழுதியவர்' என்றிருந்த வரியில் என் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரைச் சேர்த்தேன். பத்திரிகையில் நான் அடிக்காத பெயர்.

பரீஹா.

கம்பைலர் அதை வாசிக்காது. திருவேங்கடம் வாசிப்பான்.