நெவிலின் முதுகு

"இதுக்குப் பதிலா சமையல் எண்ணெயைக் குடிச்சிருந்தா வாணலிக்கு ஆகிற பலனாவது முதுகுக்கு ஆகியிருக்கும்" என்று சொல்லி, கிளெண்டா அந்தச் சின்ன மருந்துப் புட்டியை டாக்டரின் மேசைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது.

டாக்டர் ஷெரிடன் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரிலிருந்து மாதம் ஒருமுறை இந்த ஊருக்கு வருபவர். இந்தக் குளிர்காலத்தில்தான் வரத் தொடங்கியிருந்தார். அவர் குனிந்து பேனாவை எடுத்துக்கொண்டு, எதிரே இருந்த அவள் கணவன் நெவிலைப் பார்த்தார்.

நெவில் ஆயுள் முழுக்க ஆட்டு ரோமம் கத்தரித்தவன். அறுபத்து நான்கு வயது. ஒரு கையை இடுப்பில் முட்டுக் கொடுத்து, நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"கொஞ்சங்கூடக் குறையலையா?"

"குறைஞ்ச மாதிரிதான்…" என்று நெவில் ஆரம்பித்தான்.

"அவன்கிட்ட கேக்காதீங்க. அவன் எப்பவும் எல்லாம் நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவான். காலையில அந்த முனகல் இருக்கே, அதைக் கேட்டு நாயே எழுந்து வெளியே போயிடுது" என்றாள் கிளெண்டா.

"சொட்டு தவறாம போடுறாரா?"

"நான்தான் போடறேன். காலையிலயும் ராத்திரியும் நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில விட்டு, முழுங்கிற வரைக்கும் பக்கத்துலயே நிக்கிறேன். கஞ்சா எண்ணெய்னு ஊரே சிரிக்குது. பப்ல இருக்கிற கழுதைங்க, 'என்ன நெவில், மிதக்கிறியா'ன்னு கேக்குதுங்க. எங்க மிதக்கிறது? சோபாவிலேயே கிடக்கிறான்."

"இதுல போதை கிடையாது, கிளெண்டா. செடி அதுதான், ஆனா இது வேற சரக்கு. வலியைக் குறைக்கிற சி.பி.டி.ங்கிற சத்து மட்டும்தான். போன தடவையே சொன்னேனே."

"போதை இல்ல, சரி. குணமாவது இருக்கணுமில்ல?"

டாக்டர் நெவிலை எழுந்து திரும்பி நிற்கச் சொல்லி முதுகெலும்பு நெடுக விரலால் அழுத்தினார். இடுப்புக்கு மேலே அழுத்தியபோது நெவில் "ஆ" என்றான். டாக்டர் கணினியில் போன மாதம் எழுதியதைப் பார்த்தார். மறுபடி அழுத்திப் பார்த்தார்.

கிளெண்டாவுக்கு ஆற்றாமை தீரவில்லை. "வெந்நீர்ப் பை வெச்சாச்சு. உடற்பயிற்சிக்காரிகிட்ட கூட்டிட்டுப் போயாச்சு. மெத்தையை மாத்தியாச்சு. நான் பாட்டுக்குக் கிடந்தவ, டாக்டர். இப்ப ஆட்டுக்குத் தீனி, கோழி, சமையல், வண்டி ஓட்டறது எல்லாம் என் தலையில. அடுப்புக்கு விறகு பிளக்க மட்டும் பக்கத்துப் பண்ணை ரஸ் வர்றான். அவனும் நான் கோழிக்கூண்டுப் பக்கம் போன நேரமாப் பாத்து வந்து, பிளந்து அடுக்கிட்டுப் போயிடறான். ஒரு டீ குடிச்சிட்டுப் போன்னு சொல்லக்கூட ஆள் கையில சிக்க மாட்டேங்கிறான்."

நெவில் இருமினான்.

"சொட்டைக் கூட்டுங்க. இல்லேன்னா ஆபரேஷன் பண்ணுங்க. எதையாவது பண்ணுங்க" என்றாள். குரல் உடைந்தது. சட்டென்று எழுந்து, கார் சாவியை எடுத்துக்கொண்டாள். "நான் போய் வண்டியை வாசல்கிட்ட கொண்டு வரேன். இவனால அவ்வளவு தூரம் நடக்க முடியாது."

கதவு சாத்திக்கொண்டது. டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"நெவில், ஒளிக்காம சொல்றேன். இந்த எண்ணெய் எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. உங்களுக்குக் கேக்கல. இதை நிறுத்திடலாம். ஹோபார்ட்ல இருக்கிற முதுகெலும்பு டாக்டருக்கு எழுதறேன். அவர் கத்தி வைக்கணும்னுகூடச் சொல்லலாம்."

"அதெல்லாம் வேண்டாம். எண்ணெயே இருக்கட்டும்."

"கேக்காத மருந்தை எதுக்குக் குடிக்கணும்? பாவம், அவங்க எவ்வளவு அலையறாங்க பாருங்க."

நெவில் ஜன்னலைப் பார்த்தான். வெளியே வாசலை மறித்து ஒரு லாரி நின்றிருந்தது. கிளெண்டா காரைவிட்டு இறங்கி, இரண்டு கைகளையும் வீசி அந்த லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"எங்க பையன் கோரி போன வருஷம் செத்துப்போனான், டாக்டர். படகு கவுந்துடுச்சு" என்றான் நெவில். கண் ஜன்னலிலேயே இருந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியாது, நெவில்."

"அன்னைக்குப் படுத்தவதான் அவ. ஜன்னல் திரையைத் திறக்க விடல. சாப்பாடு கொண்டுபோய் வெச்சா அப்படியே இருக்கும். டாக்டர்கிட்ட போகலாம்னா சுவத்துப் பக்கம் திரும்பிக்குவா. அவளையும் பறிகொடுத்துடுவேன்னுதான் நினைச்சேன்."

"அப்புறம்?"

"கொட்டகையில நான் விழுந்து முதுகு பிடிச்சுக்கிச்சு. நிஜமான வலி, கத்திட்டேன். வெறுங்காலோட ஓடி வந்தா. என்னைத் தாங்கி உள்ள கூட்டிட்டுப் போய்ப் படுக்க வெச்சா. அன்னைக்கு ராத்திரி அடுப்பு மூட்டி எனக்கு சூப்பு வெச்சா. அவளும் ஒரு கிண்ணம் குடிச்சா."

வெளியே லாரி பின்வாங்கியது. அந்த இடத்துக்கு கிளெண்டாவின் கார் வந்து நின்றது.

"சரி, நெவில். ஆனா உங்க வலிக்கு நான் ஏதாவது வழி பண்ணணுமே" என்றார் டாக்டர்.

நெவில் எழுந்தான். கை எதையும் பிடிக்கவில்லை. நிமிர்ந்து நின்று, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"எண்ணெய் முதல் வாரமே கேட்டுடுச்சு, டாக்டர்."