காசியில் விட்ட காய்கள்

"தக்காளி, கீரை, பீட்ரூட், நெல்லிக்காய், கொய்யாப்பழம், ஆரஞ்சு... எல்லாத்தையும் காசியில விட்டுட்டாரு டாக்டரம்மா!"

தேவகி விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். வலது கை முடிந்து இடது கைக்கு வந்ததும் டாக்டர் பிரியதர்ஷினி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"காசிக்குப் போனா ஒரு காய், ஒரு பழம்தானேம்மா விடுவாங்க?"

"அது மத்தவங்க. எங்க வூட்டுக்காரரு எதைச் செஞ்சாலும் முழுசாத்தான் செய்வாரு. போன வருசம் தை மாசம் பக்கத்துத் தறி முருகேசனோட பத்து நாள் போய்ட்டு வந்தாரு. அன்னியிலேர்ந்து சோறு, மோரு, அப்பளம், அவ்வளவுதான். பிள்ளையார்பாளையத்துல யாரை வேணா கேளுங்க, இப்படி ஒரு வைராக்கியசாலி கிடையாது."

கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் வேணுகோபால், அதாவது மேற்படி வைராக்கியசாலி, ஏதோ சொல்ல வாயைத் திறந்து உடனே மூடிக்கொண்டார். ஈறெல்லாம் வீங்கி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. தறிக்கட்டையில் இடித்துக்கொண்ட கால் புண் ஒரு மாதமாக ஆறவில்லை. இரண்டு நாளாகக் கஞ்சி குடித்தாலும் வாந்திதான்.

"அந்த வைராக்கியம்தான் இவரை இங்க கொண்டாந்து படுக்க வெச்சிருக்குது" என்றார் டாக்டர். "உடம்புல வைட்டமின் சி சுத்தமா இல்ல. அந்தக் காலத்துல மாசக்கணக்கா கப்பல்ல போனவங்களுக்கு வந்த நோய் இது. நீங்க காஞ்சிபுரத்துல உட்கார்ந்துக்கினே வரவழைச்சிருக்கீங்க. சாப்பிட முடிஞ்சா மாத்திரையும் பழமுமே போதும். இப்ப எதுவும் வயித்துல தங்கலை, அதனால ஊசி மருந்தை டிரிப்ஸ்ல ஏத்திடலாம்."

தேவகியின் முகம் மலர்ந்தது. "ஏத்துங்க! வெள்ளிக்கிழமைக்குள்ள முகூர்த்தப் புடவை தறியிலேர்ந்து இறங்கணும். ஒரு வாரத்து மருந்தையும் ஒரே நாள்ல ஏத்திடுங்க."

"அப்படியெல்லாம் ஏத்தக்கூடாதும்மா. வேகமா ஏத்தினா மயக்கம் போட்டுடுவாரு. தினம் கொஞ்சமா, மெதுவாத்தான் ஏத்தணும். அதுக்கும் முன்னாடி சில கேள்வி கேட்கணும்."

கேள்வி என்றதும் வேணுகோபால் வாசல் பக்கம் பார்த்தார். டாக்டரிடம் தனியாகப் பேச அவருக்கு ஒரே ஒரு நிமிடம் வேண்டும். சொல்லியே ஆக வேண்டிய சங்கதி ஒன்று இருந்தது. ஆனால் அது தேவகியின் காதில் விழக்கூடாது. விழுந்தால் முப்பது வருடக் குடித்தனம் என்ன கதி ஆகுமோ என்று அவர் நிஜமாகவே பயந்தார்.

"தேவகி, கீழ போய் ஒரு எளனி வாங்கியாயேன்."

"தண்ணி குடிச்சாலே வாந்தி எடுக்கிறீங்க, எளனி எதுக்கு?"

"அப்ப நீயாவது போய் டீ குடி."

"காலையிலயே ரெண்டு டீ ஆச்சு."

"வெளிய செருப்பை விட்டுட்டு வந்தியே, எவனாவது தூக்கிக்கினு போயிடப் போறான்."

"பிஞ்ச செருப்பு. போனா போவட்டும், புதுசு வாங்கித் தாங்க." தேவகி நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஊசின்னா இவருக்கு பயம் டாக்டரம்மா. அதான் என்னை வெரட்டுறாரு. நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."

"சர்க்கரை இருக்குதா?"

"இல்ல."

"பரம்பரையா ரத்தத்துல ஏதாவது கோளாறு?"

"இவங்க பரம்பரையில வாய்க்கொழுப்பைத் தவிர வேற ஒண்ணும் கிடையாது."

"கிட்னியில ஏதாவது பிரச்சினை?"

தேவகிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அந்தப் பேச்சே எடுக்காதீங்கம்மா. எங்க அப்பா அதுலதான் போய்ச் சேர்ந்தாரு. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கையும் காலும் உதறுது. இவருக்கு அப்படி ஒரு மண்ணும் இல்ல. விசுவநாதரைத் தரிசனம் பண்ணிட்டு வந்த உடம்பு இது!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அங்க கோளாறு இருந்தா இந்த மருந்தே ஆபத்தாயிடும்."

"முப்பது வருசமா கூட இருக்கேன். எனக்குத் தெரியாம இவரு ஒரு தும்மல் போட்டது கிடையாது. இல்லைன்னே எழுதிக்குங்க."

"ஐயா, நீங்களும் சொல்லுங்க."

வேணுகோபால் மனைவியைப் பார்த்தார். அவள் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. அவளை அழவைக்க அவருக்கு மனசு வரவில்லை. ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தலையை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார். அதை இல்லை என்றே டாக்டர் எடுத்துக்கொண்டார்.

நர்ஸ் சத்யப்ரியா பாட்டிலை மாட்டினாள். பஞ்சை நனைத்து அவர் கையைத் துடைத்தாள். இன்னொரு கையைத் தேவகி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. கண்ணை மூடிக்கினு காசியை நெனைச்சுக்குங்க."

ஊசி தோலைத் தொடப் போகும் நேரத்தில் வேணுகோபால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பார்த்திருந்தாதானே, தேவகி, நெனைக்கிறதுக்கு! காசிக்குப் போனது முருகேசன் மட்டும்தான். நான் அந்தப் பத்து நாளும் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில கிட்னிக் கல்லை எடுத்துக்கினு கெடந்தேன். தொடக்கூடாதுன்னு அங்க எழுதிக் குடுத்த நாலஞ்சு காயோட, பயத்துல மிச்சத்தையும் சேர்த்துத்தான் காசியில விட்டுட்டேன்னு உன்கிட்ட சொன்னேன்!"