எட்டு சென்டிமீட்டர்

"எட்டு சென்டிமீட்டர் அதிகம்!" என்றார் லயனல் ப்ரிட்செட், வேலிக்கு மேலிருந்து.

சமையலறை முக்காலியைத் தோட்டத்துக்குத் தூக்கி வந்து, டையும் கோட்டுமாக அதன்மேல் ஏறி நின்று, அளவு நாடாவைப் பக்கத்து வீட்டு எல்லைக்குள் நீட்டியிருந்தார். அந்தத் தெருவின் குடியிருப்போர் குழுவுக்குப் பதினொரு வருடமாக அவர்தான் தலைவர். எதிர்த்து நிற்க இதுவரை யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

மரச் சுத்தியலைக் கீழே வைத்தார் டெரிக் மோஸ். முப்பது வருடம் ஷ்ரூஸ்பரி நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஜூன் மாதத்திலிருந்து தனியாளாகத் தோட்டத்தில் மரக்குடில் எழுப்பிக்கொண்டிருந்தார்.

"மரம் ஈரமா இருக்கு, மிஸ்டர் ப்ரிட்செட். காஞ்சா ரெண்டு சென்டிமீட்டர் தானா இறங்கிடும்."

"மிச்சம் ஆறு?"

"மேல ஏறி உட்கார்ந்து அழுத்திப் பார்க்கிறேன்."

லயனல் சிரிக்கவில்லை. "வேலியிலேர்ந்து ரெண்டு மீட்டருக்குள்ள கட்டினா, ரெண்டரை மீட்டர் உயரம்தான். சட்டம் உங்க மரம் காயற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்காது. குளிர் தாங்கக் கூரையில அடைச்சிருக்கிற பஞ்சை எடுத்துடுங்களேன். சுவர்ல பஞ்சு, தரையில பஞ்சு, ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி. தோட்டத்துக் குடிலா, பனிக்கரடிக்கு வீடா?"

"பஞ்சுல மட்டும் கை வைக்க மாட்டேன்."

"குளிருக்கு அவ்வளவு பயமா?"

"குளிருக்காக மட்டும் இல்ல."

லயனலுக்கு உடனே புரிந்துவிட்டது. அவருக்கு எல்லாமே உடனே புரிந்துவிடும். "வாடகைக்கு ஆள் வைக்கப் போறீங்க! தோட்டத்துக் குடில்ல குடித்தனம் வைக்கக் கூடாது, தெரியுமில்ல?"

"யாரும் படுக்கப் போறதில்ல." டெரிக் குடிலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "சரி. கூரையைக் கழட்டிட்டு, சுவர்ல ஒரு வரிசை மரத்தை எடுத்துடறேன். கதவையும் அறுக்கணும். பரவாயில்ல, நான் குனிஞ்சு போய்க்கிறேன்."

வெற்றி இத்தனை எளிதில் வந்ததில் லயனலுக்குச் சிறு ஏமாற்றம். நகராட்சி அலுவலகத்துக்கு எழுதிய புகார் நான்கு பக்கம் ஓடியிருந்தது.

"மியூரியல் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் டெரிக்.

"அமைதிதான் மருந்து. உங்களுக்கு எழுதியிருந்தேனே."

"ஆமா. பத்திரமா வெச்சிருக்கேன். இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்குங்க."

மே மாதம் எழுதிய கடிதம் அது. பக்கவாதத்தில் அவர் மனைவி மியூரியலின் வலப்பக்கம் விழுந்து, பேச்சு ஒரு நாளைக்கு நாலைந்து சொல்லாகச் சுருங்கியிருந்தது. கட்டிலைக் கீழறைக்குக் கொண்டுவந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டிப் போட்டிருந்தார் லயனல். அவளைப் பிழைக்க வைத்துவிட வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு எண்ணமே இல்லை. ஓய்வு தேவை என்று டாக்டர் சொன்னார். அமைதி என்பதை லயனலே சேர்த்துக்கொண்டார்.

தினமும் சாயங்காலம் பக்கத்து வீட்டுச் சத்தம் தொடங்கியதும், மியூரியலின் இடக்கை விரல்கள் போர்வைமேல் படபடக்கும். எவ்வளவு எரிச்சல், பாவம் என்று நினைத்தார். 'உங்கள் வீட்டிலிருந்து இனி ஒரு சத்தமும் எங்கள் சுவரைத் தாண்டக் கூடாது' என்று குழுவின் முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்.

அக்டோபரில் குடில் முடிந்தது. லயனல் மறுபடி அளந்தார். இரண்டு மீட்டர் நாற்பத்தாறு. அதைக் குழுவின் குறிப்பேட்டில் தம் சாதனையாகவே எழுதிக்கொண்டார்.

அன்றோடு பக்கத்து வீட்டுச் சாயங்காலச் சத்தமும் நின்றது. பத்து நாளாக வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஆனால் மியூரியல் சூப்பை வேண்டாம் என்றாள், டீயையும் வேண்டாம் என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். அவளை உற்சாகப்படுத்த, கட்டில் அருகே உட்கார்ந்து குழுக்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை உரக்கப் படித்தார் லயனல். மூன்றாவது தீர்மானத்தில், குப்பைத் தொட்டிகளைப் பற்றிய இடத்தில், அவள் வாய் அசைந்தது.

"டெரிக்..."

"என்னம்மா?"

"செத்துட்டாரா?"

"டெரிக்கா? நல்லாத்தான் இருக்கார். காலையில குப்பைத் தொட்டியைத் தள்ளிட்டுப் போனாரே. யார் சொன்னா உனக்கு?"

அவள் சுவரைக் காட்டினாள். "நாலு மணி... ஆச்சு. சத்தமே... இல்ல."

"இருக்காது! நான்தான் நிறுத்த வெச்சேன்" என்றார் லயனல். அவர் குரலில் நன்றியை எதிர்பார்க்கும் நெகிழ்ச்சி இருந்தது.

மியூரியல் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள். பிறகு, ஐந்து மாதத்தில் பேசாத நீளமான வாக்கியத்தை, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"அதுக்காகத்தான்... நான்... தினமும்... கண்ணு முழிச்சேன்."

அவள் இடக்கை விரல்கள் போர்வைமேல் மெல்ல இறங்கி எழுந்தன. ஒன்று, மூன்று, இரண்டு, ஐந்து. படபடப்பு இல்லை. கட்டைகளைத் தேடும் விரல்கள்.

லயனல் ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினார். வேலிக்கு அப்பால், அந்தக் குடிலின் ரெட்டைக் கண்ணாடிக்குப் பின்னால், தோள்கள் அசைய டெரிக் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். லயனல் எழுதிக் கேட்டபடியே, ஒரு நூல் சத்தம்கூட வெளியே வரவில்லை.