அம்மு மடித்த இலை

பண்ணைப்புரம் வீட்டில் அன்று சாப்பிட உட்கார்ந்தவர்கள் தங்கப்பாண்டியன், அவர் மனைவி கஸ்தூரியம்மாள், குமுளிக்கார மலையாளியை இஷ்டப்பட்டுக் கட்டிக்கொண்டு போன மகள் நதியா, அவளுடைய ஐந்து வயது மகள் அம்மு.

கல்யாணத்துக்குப் பிறகு அப்பா கூப்பிட்டது இதுதான் முதல்முறை. மன்னித்துவிட்டார் என்று நதியாவுக்குக் கண் நிறைந்தது.

தங்கப்பாண்டியன் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

“சிந்தாம சாப்பிடணும், ஆத்தா. பெரியவுக எந்திரிக்காம எந்திரிக்கக்கூடாது.”

“சரி தாத்தா.”

“பச்சப்புள்ளகிட்டப் போயி சட்டம் பேசுறாக பாரு!” என்று கஸ்தூரியம்மாள் மகளிடம் சிரித்தாள்.

“இந்த வீட்டுல சாப்பிட்டா முறையோட சாப்பிடணும்” என்றவர், கடைசியில் குழந்தையின் கையைப் பிடித்து இலையை மடிக்கவும் கற்றுக்கொடுத்தார்.

“அம்மா, தாத்தா மாதிரியே மடிச்சிட்டேன்!”

நதியா எட்டிப் பார்த்தாள். இரண்டு இலைகளும் சாப்பிட்டவர் பக்கம் மடியாமல் எதிர்ப்பக்கம் மடிந்திருந்தன. சாவு விழுந்த கேத வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள்.

“யாருக்குப்பா கேதம்?”

“எம் மகளுக்கு” என்றார் தங்கப்பாண்டியன்.

நதியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

பெற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போன மரியாதை கெட்டவள் என்று ஊர் பேசியது. அது தவறு. கேத வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. அந்த முறையை நதியாவுக்குச் சின்ன வயதிலேயே அவர் கற்றுக்கொடுத்திருந்தார்.