கடைசி வீட்டுத் தண்ணீர்

முன்பெல்லாம் சம்பந்தம் பேச வந்தவர்கள் சம்மதம் ஆன பிறகுதான் கை நனைப்பார்கள். இப்போது தண்ணீரைக் குடித்துப் பார்த்த பிறகுதான் சம்மதம். ஒவ்வொரு வீட்டு மின்தகடும் தண்ணீரின் உப்பை இழுத்துக்கொண்டு, நிரம்பியதும் அடுத்த வீட்டுக் குழாயில் உதறிவிடும். சந்தனமாரியின் வீடு தெருவில் கடைசி. எல்லோர் உப்பும் அவளுக்குத்தான்.

மகனுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்களுக்கென்று காலையிலிருந்து தகட்டை ஓடவிட்டு, ஒரே ஒரு செம்பு நல்ல தண்ணீர் சேர்த்திருந்தாள். தகடு அதற்கே நிரம்பிவிட்டது. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு டம்ளர் குடித்ததும் செம்பு காலி.

"வெயிலு கொல்லுது. இன்னொரு டம்ளர் தாங்க மதினி," என்றாள் பெண்ணின் அம்மா.

வேறு வழியில்லை. சந்தனமாரி குழாயைத் திறந்து, கரிக்கும் தண்ணீரையே பிடித்து நீட்டினாள். சம்பந்தம் இத்தோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த அம்மா மடமடவென்று குடித்து முடித்தாள். முகம் சுளிக்கவில்லை.

"தண்ணி நல்லாருக்கு. எங்களுது எங்க தெருவுல ரெண்டாவது வீடுல்லா. எங்க பொண்ணு உப்புத் தண்ணி குடிச்சதே இல்ல."

பெண்ணின் அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கரிப்பு தெரியாமல் போவது கடைசி வீட்டு நாக்குக்கு மட்டும்தான். சந்தனமாரி அடுத்த டம்ளரைப் பயமில்லாமல் குழாயிலேயே பிடித்தாள்.