லிஸ்பனில் படிகள் அதிகம்

"இந்தத் தெருவப் பாருங்கக்கா, முழுக்கப் படிதான்," என்று லினெட் டேப்லெட்டை அக்காவின் பக்கம் திருப்பினாள்.

பெவர்லி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சாப்பாட்டு மேசையில் அக்காவும் தங்கையும் மட்டும்தான். லினெட்டின் கணவன் பெஞ்சமின் கார் கழுவப் போவதாகச் சொல்லி வெளியே நழுவியிருந்தான். நேற்றுதான் அதைக் கழுவியிருந்தான்.

லினெட் அடுத்த படத்தைத் தள்ளினாள். செங்குத்தான சந்தில் ஒரு மஞ்சள் டிராம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறியது. அடுத்தது, மிதிபட்டு மிதிபட்டு வழவழத்துப்போன கல் பாவிய ஏற்றம். அடுத்தது, அடுக்கடுக்காக ஆற்றை நோக்கி இறங்கும் வீடுகள்.

"தலைநகரம்னுதான் பேரு. ஆனா ஊரே மேடு பள்ளம். மழை பேஞ்சா நல்லா நடக்கறவங்களே வழுக்கி விழுறாங்களாம்."

பெவர்லி படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ரொம்ப அழகா இருக்கு லா. பாத்திமா மாதா கோயில் இங்கேருந்து பக்கமா?"

லினெட் இதை எதிர்பார்க்கவில்லை. அக்காவின் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கும் பாத்திமா மாதா படம் அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது.

"பஸ்ல ஒன்றரை மணி நேரம்."

"போவீங்களா?"

"டைம் இருந்தா பாக்கணும்க்கா."

அக்கா வரவில்லை என்பதைத் தானே ஒப்புக்கொண்டதுபோல, சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பெவர்லி அவர்களோடு வந்து சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது சரக்கு அலமாரி சரிந்து இடது கால் நொறுங்கியது. அன்று பிடித்த கைத்தடியை இன்னும் விடவில்லை. முடியவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மெதுவாக வருவாள், அவ்வளவுதான்.

போன வருஷம் பேங்காக்கில் அந்த மெதுவை லினெட்டால் பொறுக்க முடியவில்லை. மூன்றாம் நாள், ரயில் நிலையத்தில், மகள் லீனாவிடம் சத்தமாகவே சொன்னாள்: "நான் ஊர் பாக்க வந்தேனா, இல்ல இவங்களுக்குக் காவல் நிக்க வந்தேனா?"

திரும்பினால் அக்கா பின்னால் நின்றிருந்தாள்.

மீதி இரண்டு நாளும் பெவர்லி தலைவலி என்று ஹோட்டல் அறையிலேயே இருந்துவிட்டாள். அதைப் பற்றி இருவரும் அதன்பிறகு பேசவே இல்லை.

அதனால்தான் இந்தத் தடவை, டிசம்பர் லிஸ்பன் பயணத்துக்கு, மூன்றே டிக்கெட். வெள்ளிக்கிழமையே எடுத்தாகிவிட்டது. அக்காவிடம் சொல்ல வேண்டாமா என்று பெஞ்சமின் இரண்டு முறை கேட்டான். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள் லினெட். படங்களைப் பார்த்ததும் அக்காவே 'நான் வரல, நீங்க போயிட்டு வாங்க' என்று சொல்லிவிடுவாள் என்பது அவள் கணக்கு.

பெவர்லி அப்படிச் சொல்லவில்லை. தன் கைபேசியை எடுத்து, எதையோ தேடி, கொஞ்சம் வெட்கத்தோடு தங்கையிடம் நீட்டினாள்.

ஒரு வீடியோ. நீளமான படிக்கட்டு. கைத்தடியை முழங்கையில் மாட்டிக்கொண்டு, கம்பியை இறுக்கிப் பிடித்தபடி, பெவர்லி இடது காலை ஒவ்வொரு படியாக இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க வாங்க எண்ணினாள். முந்நூத்திப் பத்து. முந்நூத்திப் பதினொண்ணு.

தங்கள் ஊர்த் தண்ணீர்மலை முருகன் கோயில் படி என்று லினெட்டுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"கூட ஏறுற சீன அங்கிள் எடுத்துக் கொடுத்தாரு. காலையில கறிவேப்பில வாங்க பாசாருக்குப் போறேன்னு சொல்றேன்ல, அங்கதான் போறேன். ரெண்டு மாசமா. முருகன் படிதான், மாதா ஒண்ணும் நினைக்க மாட்டாங்க." பெவர்லி சிரித்தாள். "மொத்தம் ஐந்நூறு சொச்சம். டிசம்பருக்குள்ள உச்சிக்குப் போயிருவேன். உங்களுக்குப் பாரமா இருக்க மாட்டேன்."

கறிவேப்பிலை வாங்க ஒன்றரை மணி நேரமா என்று எத்தனை காலை முகத்தைச் சுளித்திருக்கிறாள்! லினெட்டுக்குக் காது மடல் வரை சுட்டது. இனி மறைக்க வழியில்லை.

"அக்கா, டிக்கெட் எடுத்தாச்சு." டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். "மூணு."

பெவர்லி வீடியோவை நிறுத்தினாள். கைபேசியைத் துடைத்து மேசைமேல் வைத்தாள்.

"பரவால்ல, லினெட்."

திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். லினெட் மேசை விரிப்பின் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது.

"ரெண்டு மாசமாவா? லிஸ்பன்னு நான் இன்னிக்குத்தானே சொன்னேன்?"

பெவர்லி ஏதோ தப்புச் செய்து அகப்பட்டவள் போலக் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"ஒருநாள் பைபிள் வாசிக்க உன் டேப்லெட்ட எடுத்தேன். நீ தேடினத மூடாம வச்சிருந்த."

லினெட்டுக்கு அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. தட்டிய எழுத்துகளும் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தன. 'நடக்க முடியாதவர்களைக் கூட்டிக்கொண்டு போகவே முடியாத ஐரோப்பிய ஊர்கள்.'

"பத்து ஊர் போட்டிருந்துச்சு," என்றாள் பெவர்லி. "லிஸ்பன்தான் முதல்ல. படி அதிகம்னு இருந்துச்சு. அதான், சரி, படி ஏறிப் பழகுவோம்னு ஆரம்பிச்சேன்."