ஆகாச முனி

ஜெயபாலனுக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று அவன் மனைவி மங்களம் அழாத குறையாக வந்து சொன்னாள். இப்போதுதான் தெரியுமா என்று கேட்டேன்.

ஈப்போவில் அரசாங்க ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. நாற்பது வயசு. வேலை விட்டு வந்தால் உட்கார்ந்து பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிக் குட்டிக் குட்டிப் பிளேன் செய்வான். எல்லாம் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன், ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் குண்டு போட்ட பிளேன்கள். பெயிண்ட் தீர்ந்தால் மங்களத்தின் நகச்சாயம் காலி.

போன வருஷம் நடந்த பொம்மைப் பிளேன் போட்டியில் அவன் பிளேனைப் பார்த்த நடுவர், "இதுக்கு இந்த அடையாளமே கிடையாது" என்று ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார். அவர் ஒரு பல் டாக்டர். நாலு பல்லைப் பிடுங்கியிருந்தால்கூட ஜெயபாலன் பொறுத்துக்கொண்டிருப்பான்.

இந்த வருஷம் ஜப்பான்காரன் பிளேன். இறக்கையில் சிவப்பு வட்டம். அதைச் சுற்றி வெள்ளை வளையம் உண்டா, இல்லையா? இதுதான் அவன் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. லண்டனுக்கு எழுதினான், தோக்கியோவுக்கு எழுதினான். ஒருத்தனும் மதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹோண்டாவோடு வந்து நின்றான்.

"மச்சான், தாப்பா பக்கம் ஒரு எஸ்டேட்ல பிளேன் ரெக்கையவே சாமியா கும்பிடுறாங்களாம். போலாம் வா."

"நான் மாதா கோயில் பூசைக்குப் போகணும்லா."

"நான் மட்டும் எங்க கூட்டிட்டுப் போறேன்? சாமிகிட்டத்தானே?"

போனோம்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில், ஆள் உயரத் தகரம் நட்டு வைத்திருந்தது. மேலிருந்து கீழ்வரை மஞ்சள். நடுவில் தட்டு அகலத்துக்குக் குங்குமம். வேப்பிலை, எலுமிச்சம்பழம், பக்கத்தில் ஒரு சூலம்.

பூசாரி சன்னாசி காலை இழுத்து இழுத்து வந்தார்.

"ஆகாச முனி. வானத்துல இருந்து விழுந்த சாமி. கேட்டதக் குடுக்கும். இருங்க, சூடம் எடுத்திட்டு வாரேன்."

அந்தோணியாருக்கு மெழுகுவத்தி கொளுத்துகிறவன் நான், சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜெயபாலன் சிரிக்கவில்லை. பூசாரி தலை மறைந்ததும் பேனாக்கத்தியை எடுத்துவிட்டான். குங்குமத்தின் ஓரத்தில் மஞ்சளைச் சுரண்டப் போனான்.

"கைய எடு தம்பி."

கையில் விளக்குமாறோடு ஒரு அம்மா. அறுபதை நெருங்கும் வயசு. அவர் பெயர் இருளாயி என்று பிறகு சொன்னார். அப்போது அவர் நின்ற நிலையில் பெயர் கேட்கும் தைரியம் எங்களுக்கு இல்லை.

"கொஞ்சூண்டுதான் அக்கா, வெள்ளை வளையம் இருக்கான்னு பார்த்துக்கிறேன். இது சாமி இல்ல. ஜப்பான்காரன் குண்டு பிளேன் ரெக்கை. உங்களுக்கெல்லாம் தெரியாது..."

"மெதுவா பேசு. எனக்குத் தெரியும்."

ஜெயபாலன் கத்தியை இறக்கினான்.

"அந்தப் பையன் இதுக்கு அடியிலதான் இருக்கான். பிளேன் விழுந்தப்ப எல்லாரும் காட்டுக்குள்ள ஓடிட்டாங்க. நானும் என் வீட்டுக்காரருந்தான் புதைச்சோம். மீசைகூட சரியா முளைக்கல."

"ஜப்பான்காரனுக்கா கற்பூரம் காட்டுறீங்க?" என்றேன் நான்.

"அப்புறம் அவனுங்கதான் என் வீட்டுக்காரர சயாமுக்கு ரயில் தண்டவாளம் போடப் பிடிச்சிட்டுப் போனானுங்க. வரவே இல்ல. எங்க கிடக்குறாரோ. நான் இங்க ஒண்ணு கொளுத்தினா, அங்க எவளாச்சும் ஒருத்தி அவருக்குக் கொளுத்த மாட்டாளா?"

எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"இந்த லயத்துல சயாமுக்கு ஆள் குடுக்காத வீடு இல்ல தம்பி. இது ஜப்பான்காரனுதுன்னு தெரிஞ்சா தோண்டி ஆத்துல வீசிடுவாங்க. சன்னாசி அண்ணன்தான் முத ஆளா நிப்பாரு, அவரு கால் போனதே சயாம்லதான். அதான் முனி கனவுல வந்து சொல்லுச்சுன்னு ஒரு புளுகு விட்டு, மஞ்சளப் பூசிட்டேன். நம்பிட்டாங்க. சுரண்டிடாத தம்பி."

ஜெயபாலன் இறக்கையைப் பார்த்தான். கத்தியைப் பார்த்தான். அந்த மஞ்சளுக்கு அடியில் அவன் பரிசு இருந்தது. பல் டாக்டரின் மூஞ்சியில் விட்டெறிய வேண்டிய பதில் இருந்தது.

கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டான்.

"போலாம் மச்சான்."

இருளாயி அக்கா எங்கள் தலையைத் தொட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். நாங்கள் ஹோண்டாவைக் கிளப்பும்போது சன்னாசி திருநீற்றுத் தட்டோடு வந்து சேர்ந்தார். ஆள் பார்க்காமல் என் நெற்றியிலும் பூசிவிட்டார். பூசிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"வெள்ளை வளையம் இருக்கு தம்பி. விரல் அகலம்."

ஜெயபாலன் வண்டியை அணைத்தான்.

"நீ கேட்டது காதுல விழுந்துச்சு. சயாம்ல இருந்து வந்த வாரமே ரப்பர் மரத்துல பால்வெட்டுற கத்தியால சுரண்டிப் பார்த்துட்டேன். ஜப்பான்காரன் சிவப்பு வட்டத்தப் பார்த்ததும் ரத்தம் கொதிச்சிருச்சு. உடைக்கிறதுக்குக் கடப்பாறை எடுத்திட்டு வந்தா, இருளாயி இதுக்கு முன்னால உட்கார்ந்து, புருஷன் பேரச் சொல்லிச் சூடம் கொளுத்திக்கிட்டு இருக்கு."

"அப்புறம்?"

"அது போனதும் சுரண்டின இடத்துல நானே மஞ்சளப் பூசிட்டேன். வேற எவனும் சுரண்டிடக் கூடாதுன்னு அன்னிக்கு இருந்து நான்தான் பூசாரி. எனக்குத் தெரியும்னு அதுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பயந்துரும்."